முந்திரி உண்டா?

பாறசாலையில் பக்கத்து வீட்டுச் சேச்சி கிறிஸ்துமஸுக்கு வெள்ளை வைன் போடுவாள். நல்ல திராட்சை வாங்க வசதி கிடையாது. சந்தையில் யாரும் சீண்டாத, பெயர்கூடத் தெரியாத பச்சைத் திராட்சைகளை மலிவாக வாங்கி, எல்லாவற்றையும் கலந்து பரணி ஜாடியில் ஊறவைப்பாள். மலையாளத்துக்காரி, திராட்சைக்கு அவள் பேச்சில் முந்திரி என்று பெயர்; அதை "முந்திரி வைன்" என்பாள்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், விடுவேனா?

"அது திராட்சையாக்கும் சேச்சி. முந்திரின்னா அண்டிப்பருப்பு."

"ஓ, பண்டிதை வந்நல்லோ! கிளாஸை நீட்டு மக்கா. பேரு எதானாலும் புளிப்பு ஒண்ணுதான்."

ரோட்டில் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். நாங்கள் உள்ளே சிரித்துக்கொண்டே குடிப்போம்.

எல்லை பிரித்தபோது ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. நான் படிக்க மதுரைக்கு வந்தேன். இந்த டிசம்பரில், விடுதி அருகே பழமும் மளிகையும் விற்கும் கடையில் பச்சைத் திராட்சை தொங்குவதைப் பார்த்ததும் வாயில் அந்தப் புளிப்பு ஊறியது.

"அண்ணாச்சி, முந்திரி உண்டா?"

அவர் முந்திரிப்பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. சேச்சி பார்த்திருந்தால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும்போல இருந்தது.