போர்ஷனில் இல்லாத கேள்வி

பூமாரியிடம் போய், "நீ ஏன் எப்பப் பாத்தாலும் கோவப்படுத?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அதற்கும் தனியாக ஒரு கோபம் வரும். கோபம் வராமல் இருக்க முடிகிறவர்களைப் பார்த்தால்தான் அவளுக்கு ஆச்சரியம். தாராவியில் தோல் கிடங்குகளை ஒட்டிய சந்தில் பிறந்து, முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து படித்து, தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் எம்.எஸ்ஸி. வரைக்கும் போய்ச் சேர்ந்தவள். அப்பா அய்யாத்துரை கிடங்கில் தோல் அலசுகிறவர். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை வீட்டுத் துணியை விட்டுப் போகாது. காலேஜில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு அடுத்த நாள் பெஞ்சு மாறிப் போனவர்களை அவள் பேர் பேராக ஞாபகம் வைத்திருந்தாள். மறந்துவிடு என்று சொல்கிறவர்கள் தாராளமாக மறந்துகொள்ளட்டும், அவள் மறப்பதாக இல்லை.

ஆனால் அந்தக் கோபமெல்லாம் சில்லறை. பெரிய கோபம் ஒன்று இருந்தது. அது ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

அவள் அந்தக் காலேஜில் சேர்ந்து இன்டர் சயன்ஸ் படித்த காலம். ஒளி சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போது வளைகிறது என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, மூன்று நாள் தூக்கம் கெட்டு, கடைசியில் வகுப்பில் எழுந்து கேட்டுவிட்டாள். ஒளிக்கு எடையே இல்லையென்றால் சூரியன் எதைப் பிடித்து இழுக்கிறது? வகுப்பெடுத்தவர் ஜம்புநாதன், பிசிக்ஸ் டிபார்ட்மெண்டின் தலைவர். எல்லாரிடமும் இங்கிலீஷில் பேசுகிற மனுஷர், அவளுக்கென்று மட்டும் தமிழில் சொன்னார்.

"அது போர்ஷன்ல இருக்கா? இல்லேல்லியோ? அப்ப உக்காரு."

பரீட்சைக்கு வருகிற பாடத்துக்குப் பம்பாயில் போர்ஷன் என்று பெயர். வகுப்பு சிரித்தது. பூமாரி உட்கார்ந்தாள். எனக்குத் தெரியாது என்று அந்த மனுஷர் சொல்லியிருந்தால் அவள் கும்பிட்டிருப்பாள். தெரியாததை மறைக்க அவளைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்படி செய்ததுதான் வயிற்றில் தங்கிவிட்டது.

எம்.எஸ்ஸி. முடித்ததும் அதே காலேஜில் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. கருவிகளை எடுத்து வைக்க வேண்டும், பிள்ளைகள் சோதனைகளை எழுதி வைக்கிற ஜர்னலில் கையெழுத்துப் போட வேண்டும், பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பாடம் நடத்துகிற பாக்கியம் லெக்சரர்களுக்குத்தான். ஆனால் பிள்ளைகள் பொல்லாதவர்கள். எங்கே கேட்டால் பதில் வரும் என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். தெர்மாமீட்டர் சூடேறக் காத்துக்கொண்டிருக்கும்போது மெல்ல ஆரம்பிப்பார்கள். எலக்ட்ரான் துகளா அலையா, யாரும் பார்க்காதபோது அது என்னவாக இருக்கும்? எண்ணி முடியாதது இரண்டு இருந்தால் அதில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்க முடியுமா? பிரபஞ்சம் விரிகிறதென்றால் எதற்குள் விரிகிறது?

பூமாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டவுடனே பதில் சொல்ல மாட்டாள். முதலில் கேட்டவனை இன்னொரு தரம் கேட்கச் சொல்வாள். அப்புறம் அதே கேள்வியைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, "இதானே கேட்டே?" என்பாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினால்தான் மேலே பேச்சு. இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. தெரிந்தால் சொல்வாள், தெரியாவிட்டால் தெரியாது என்பாள். "கேள்வியை ஒழுங்காக் காதுல வாங்காம பதில் சொல்லுறவன் வாத்தியார் இல்ல, ரேடியோ" என்று ஒரு நாள் ஜம்புநாதனின் அறைக் கதவு திறந்திருந்தது தெரிந்தே சத்தமாகச் சொன்னாள்.

அதிகமாகக் கேட்டவள் அக்தர் பானு. தாராவியில் இரண்டு சந்து தள்ளித் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவின் மகள். மேலப்பாளையத்துக் குடும்பம். பெண்ணைக் காலேஜுக்கு அனுப்புவதா என்று வீட்டில் பெரிய ரகளை நடந்தபோது, "அய்யாத்துரை மவ இருக்க காலேஜ்னா போவட்டும், வேற எங்கயும் வேண்டாம்" என்று கரீம் பாட்சா ஒரே போடாய்ப் போட்டுவிட்டார். அவள் பி.எஸ்ஸி. கடைசி வருஷத்துக்கு வந்திருந்தாள். சந்தில் பார்த்தால் அக்கா, காலேஜில் பார்த்தால் மேடம், கேள்வி வந்துவிட்டால் இரண்டும் கிடையாது, நேரே கேள்விதான்.

அந்த வருஷம் ஒரு லெக்சரர் இடம் காலியானது. பூமாரி இதற்கு முன் இரண்டு தடவை மனுப் போட்டு, இரண்டு தடவையும் ஜம்புநாதனுக்கு வேண்டப்பட்டவர்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவள். இந்த முறை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் லேப் சாவிதான். சம்பளம் கூடும் என்பது அவள் அம்மா ஆறுமுகத்தாயின் கணக்கு. பூமாரியின் கணக்கு வேறு. தனக்கென்று ஒரு வகுப்பு வேண்டும். அந்த வகுப்பில் எழுந்து நின்று கேட்கிற எந்தப் பிள்ளையும் 'போர்ஷன்ல இருக்கா' என்ற வார்த்தையைக் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள்.

"இந்தத் தடவையாது வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டு வா, தாயி" என்றாள் ஆறுமுகத்தாய்.

"வாயைப் பொத்திக்கிட்டு எப்படிம்மா பாடம் நடத்த?"

"எனக்கென்ன தெரியும். நீ வாயைத் தொறந்து கெடுத்ததுதான் எனக்குத் தெரியும்."

அந்தக் காலேஜில் வேலைக்கு எடுக்குமுன் நிஜ வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிள்ளைகள் முன்னால் இருப்பார்கள், கடைசி பெஞ்சில் பிரின்சிபாலும் ஜம்புநாதனும் வெளியிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷரும். பூமாரிக்குக் கிடைத்த பாடம், வேகமாக நகர்ந்துகொண்டிருக்கிற கடிகாரம் நிற்கிற கடிகாரத்தைவிட மெதுவாகப் போகும் என்பது. போர்ஷனில் அதற்கு ஒரு சூத்திரம், அதைப் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

அவள் தாதர் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கலும் பாஸ்ட் லோக்கலும் பக்கத்துப் பக்கத்தில் புறப்படுவதில் ஆரம்பித்தாள். ஜன்னலில் பார்க்கிறோம், நகர்வது நம்ம வண்டியா அடுத்த வண்டியா, ஒரு நிமிஷம் தெரியாமல் முழிக்கிறோம் இல்லையா? அங்கே பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சூத்திரத்தில் விட்டாள். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாய் பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்த பெரியவர்கூட ஒரு தரம் தலையாட்டினார். ஜம்புநாதன் மட்டும் உணர்ச்சியே இல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தால் போதும்.

அப்போது அக்தர் பானு எழுந்தாள்.

அவள் பாதி இங்கிலீஷிலும் பாதி பம்பாய் இந்தியிலும் படபடவென்று கேட்டாள். இரண்டு வண்டி, இரண்டு கடிகாரம், இவன் அவனுடையது மெதுவு என்கிறான், அவன் இவனுடையது மெதுவு என்கிறான். அதற்குமேல் பூமாரியின் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் கண் கடைசி பெஞ்சில் இருந்தது. ஜம்புநாதன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாட்டிக்கொண்டாள் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தெரியாது என்று சொன்னால் ஆயிற்று, வேலையைத் தட்டிவிட அவருக்கு இதே சாக்கு போதும். இன்னொரு தரம் கேளு என்றால் கேள்வி இன்னும் பெரிதாகும். பாவிப் பெண்ணே, லேபில் கேட்கக் கூடாதா, இங்கே எழுந்து நின்று என் சோற்றில் மண்ணைப் போடுகிறாயே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"அது போர்ஷன்ல இருக்கா?" என்றாள் பூமாரி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எல்லாருக்கும் முன்னால் சிரித்தவர் ஜம்புநாதன். அக்தர் பானு கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தாள். பிறகு தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. உத்தரவைக் கையில் கொடுக்கும்போது ஜம்புநாதன், "கிளாஸை எப்படிக் கட்டுப்பாட்டுல வச்சுக்கணும்னு தெரிஞ்சுண்டுட்டே. பேஷ்" என்றார். தன்னுடைய வார்த்தையை அவள் எடுத்துச் சொன்னதில் அந்த மனுஷருக்கு அப்படி ஒரு ஆனந்தம். பூமாரிக்கு அந்தக் காகிதத்தை அங்கேயே கிழித்து அவர் மூஞ்சியில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேங்க்யூ சார் என்றாள். அந்தத் தேங்க்யூவை நினைத்து நினைத்து அன்றைக்கெல்லாம் குமைந்தாள். இத்தனை வருஷம் ஊரான்மேல் வைத்து வளர்த்த கோபம் இப்போது அவள் மேலேயே திரும்பிவிட்டது, அதற்கு எங்கே போய் ஒளிவது?

வீட்டில் ஆறுமுகத்தாய் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். பூமாரி பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்தாள்.

அக்தர் பானு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, முறைத்திருந்தால்கூடத் தேவலை. வகுப்புக்கு வருவாள், சொன்னதை எழுதுவாள், போய்விடுவாள். ஒரு நாள் மாடிப்படியில் பூமாரி மறித்துக்கொண்டாள்.

"என்ன, இப்பல்லாம் ஒண்ணுமே கேக்க மாட்டேங்க?"

"போர்ஷன்ல எல்லாம் தெளிவா இருக்கு, மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அதோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை. சந்தில் கரீம் பாட்சா எதிரே வந்து கையைப் பிடிக்காத குறையாக நன்றி சொன்னார். "முன்னயெல்லாம் வீட்டுல ஏன் எதுக்குன்னு கேட்டு உசிர வாங்குவா, பூமாரிம்மா. இப்ப சத்தமே இல்ல. அவ்வளவு தெளிவா நடத்துதிய போல." பூமாரி அந்த நல்ல மனுஷருக்குத் தலையை ஆட்டிவிட்டு விலகினாள். ஒரு பெண்ணின் வாயை அடைத்ததற்கு அவள் அப்பாவிடமே பாராட்டு வாங்குகிறோம், இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

அதன்பின் அவள் லைப்ரரியில் கிடையாய்க் கிடந்தாள். எதிரெதிரே போகிற இரண்டு வண்டியில் யார் கடிகாரம் உண்மையில் மெதுவு? பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, இரண்டு பேர் சொல்வதும் எப்படிச் சரியாகும் என்று படம் போட்டு விளக்குகிற அளவுக்குத் தேறினாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் அதையே முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பின் முடிவில், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள், அன்றைக்குச் சிரித்தவர்கள்தானே எல்லாரும். தாழ்வாரத்தில் ரவுண்டு வந்த ஜம்புநாதன் வாசலில் நின்று, வகுப்பின் அமைதியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் பூமாரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

போர்டு முழுக்க அழித்தாள். இரண்டு வண்டி வரைந்தாள், இரண்டு கடிகாரம் வரைந்தாள், கீழே பெரிதாகக் கேள்வியை எழுதினாள். எதிரெதிரே போகும் இரண்டு வண்டிகளில் யாருடைய கடிகாரம் மெதுவாகப் போகிறது?

"அன்னிக்கு அக்தர் பானு இதைக் கேட்டா" என்றாள். "எனக்குப் பதில் தெரியலை. தெரியாதுன்னு சொன்னா இந்த வேலை போயிடும்னு பயந்தேன். அதனால அவளை நீங்கல்லாம் சிரிக்கும்படி உக்கார வச்சேன். நான் செஞ்சது அயோக்கியத்தனம். இப்பப் படிச்சிட்டு வந்திருக்கேன், சொல்லுதேன்."

வாசலில் ஜம்புநாதன் தொண்டையைச் செருமினார். "பூமாரி, இது போர்ஷன்ல..."

"இல்ல சார். எங்கயும் இல்ல. இருந்தாத்தான் நீங்க நடத்தியிருப்பீங்களே."

யாரும் சிரிக்கவில்லை. பூமாரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளாகக் காத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. அப்போது பின்னால் பெஞ்சு நகர்ந்தது.

"நான் கேட்டது இது இல்ல" என்றாள் அக்தர் பானு.

பூமாரி திரும்பிப் பார்த்தாள்.

"எதிரெதிரே போற வண்டி ரெண்டும் அப்படியே போயிருது. அப்புறம் சந்திக்கவே போறதில்ல. அவன் அவனுக்குச் சரின்னு சொல்லிட்டுப் போவட்டும், யாருக்கு என்ன நட்டம்? அதை நான் ஏன் கேக்கப் போறேன்?" கோபத்தில் இந்தத் தடவை தமிழிலேயே பேசினாள். "ஒரு வண்டி தாதர்லயே நிக்கிது. இன்னொண்ணு தாணா போயிட்டுத் திரும்பி தாதருக்கே வருது. போயிட்டு வந்தவன், தாதர்தான் என்னை விட்டுப் போயிட்டுத் திரும்பி வந்திச்சின்னு சொல்லலாம்லா? அப்ப ரெண்டு பேரும் மத்தவன் கடிகாரந்தான் மெதுவுங்கான். ரெண்டையும் ஒரே பெஞ்சில பக்கத்துல பக்கத்துல வைக்கோம். ரெண்டும் ஒண்ணைவிட ஒண்ணு கொறச்சலா காட்ட முடியாதே. எது கொறச்சலா இருக்கும், ஏன்?"

பூமாரி தன் படத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் லைப்ரரியில் செத்தது யாரும் கேட்காத கேள்விக்கு. லேபில் வருகிற போகிற எல்லாரிடமும் கேட்கிற அந்த இரண்டு வார்த்தையை, கேட்க வேண்டிய ஒருத்தியிடம் கேட்காமல் விட்டுவிட்டாள். அன்றைக்கு ஜம்புநாதனின் முகத்தைப் பார்த்த நேரத்தில் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். ஆத்திரத்தில் சாக்பீஸ் கையில் இரண்டாக ஒடிந்தது.

"இதுக்கும் எனக்குப் பதில் தெரியாது" என்றாள். ஜம்புநாதனுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். ஒடிந்த துண்டில் பெரியதை நீட்டினாள். "வந்து எழுது."

அக்தர் பானு வந்தாள். மேடத்தின் இரண்டு வண்டியையும் உள்ளங்கையால் அழித்துவிட்டுத் தன் கேள்வியை எழுதினாள். பூமாரி அதை வார்த்தை வார்த்தையாக வகுப்புக்குப் படித்தாள், அவசரப்படாமல், வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்க்காமல்.

"இதானே கேட்டே?"

அக்தர் பானு கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். அவளுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

"அன்னைக்கும் இதத்தான் கேட்டேன்" என்றாள்.