பெஞ்சில் இருந்த ஜோடி

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். வாரம் ஆறு நாளும் குழந்தைகளின் டீ-சர்ட்டுக்குக் கரடியும் டைனோசரும் வரைவேன். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போய் எனக்காக வரைவேன். புல்லில் படுத்து ஊருக்கு வீடியோ கால் பேசும் பீகார் தொழிலாளிகள், செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கும் செக்யூரிட்டி, சாப்பாட்டு டப்பாவைச் சுற்றி உட்கார்ந்த குடும்பங்கள். முகத்தை வரைந்தால் சங்கடப்படுவார்கள் என்று எல்லோரையும் பின்னாலிருந்தே வரைவேன்.

போன வருஷம் அப்படி ஒரு ஜோடியை வரைந்தேன். சிமெண்ட் பெஞ்சில் அவன் ஏதோ சொல்ல, துப்பட்டாவால் தலையைச் சுற்றியிருந்த அவள், இடது கையால் வலது முழங்கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். படம் நன்றாக வந்துவிட்டது. ஹாலில் ஒட்டிவைத்தேன்.

மூன்றாம் நாள் என் மனைவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“ஏனுங்க, இது நம்ம அம்மிணியாட்ட இருக்குதுங்க.”

சின்ன வயதில் கீழே விழுந்து முழங்கை முறிந்ததிலிருந்து எங்கள் மகள் அப்படித்தான் உட்காருவாள். வரைந்த எனக்குத் தெரியவில்லை.

கேட்டபோது மகள் மறைக்கவில்லை. பையன் அவளோடு எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை செய்பவன். தேனிப் பக்கம், வேறு சாதி. விஷயம் என் மச்சானுக்குப் போனது. அவர் வந்து படத்தைக் கிழித்தார். அவள் போனை வாங்கிக்கொண்டார். ஊத்துக்குளியில் மாப்பிள்ளை பார்த்தார். நான் தடுக்கவில்லை. தடுக்க வாயெடுத்தேன் என்றுகூட எழுத முடியாது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் முதன்முறை வந்தபோது, மொட்டை மாடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே பேசினாள்.

“அன்னைக்கு எந்திரிச்சுப் போறப்ப உங்களப் பாத்தனுங்கப்பா. எங்களத்தான் வரையறீங்கன்னு தெரிஞ்சுது.”

“அது நீன்னு எனக்குத் தெரியல கண்ணு.”

“தெரியும்னு நெனச்சனுங்க. பாத்தும் ஒண்ணும் சொல்லல, படத்த ஹால்ல வேற ஒட்டுனீங்க. சரி, அப்பாவுக்குச் சம்மதம்னு இருந்துட்டேன். மூணு நாளு எவ்வளவு சந்தோசமா இருந்தேன் தெரியுங்களா?”

அவள் அழவில்லை. மடித்த துணியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போனார்.

இப்போது அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்கிறாள். ஸ்பீக்கரில் போடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மனைவியின் பதில்களை மட்டும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.