செக்ரோலில் இல்லாத பெயர்

மூணாறில் ஒரு விடுதியில் என் மகளுக்கு வேலை. அவளுடைய ஆபீஸ் மெயிலுக்கு மூன்று பெயர்கள் உண்டாம். எந்தப் பெயருக்கு எழுதினாலும் அவளிடமே வந்து சேருமாம். பெருமையாகச் சொன்னாள். இதென்ன பெரிய அதிசயம், எழுபதுகளில் சூரியநெல்லிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் இந்த வேலையைச் செய்ய ஒரு மனுஷரே இருந்தார் என்றேன். தபால் அண்ணன் என்போம். காக்கிப் பையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கும் எஸ்டேட்டுக்கும் தினமும் நடப்பார்.

அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கு ஒரு பெயர் போதாது. செக்ரோலில், அதாவது ஆபீஸ் பெயர்ப்பட்டியலில், ஒரு பெயர், வீட்டில் வேறொன்று. அக்காவோ அம்மாவோ வேலையை விட்டுப் போனால், அந்த இடம் கைநழுவிப் போகாமலிருக்க வீட்டில் அடுத்தவள் அதே பெயரில் போய் நின்றுவிடுவாள். நானும் அப்படித்தான். அக்கா கல்யாணமாகி ஊருக்குப் போனதும், வள்ளியம்மாள் என்ற அவள் பெயரையும் கொழுந்துக் கூடையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். எனக்கு வைத்த பெயர் தங்கம். மலையில் அது தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் தபால் அண்ணனும்தான். யாருக்கு எந்தப் பெயரில் கடிதம் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் புதிதாக வந்த பெரிய கிளார்க்கு, பெயர் மாறி வேலை செய்பவர்களைக் கண்டுபிடித்து வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மூட்டை கட்டியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று ஊரிலிருந்து அத்தான் தந்தி அடித்துவிட்டார், தங்கம் என்று பெயர் போட்டு. பதறிய மனுஷனுக்குச் செக்ரோலா ஞாபகம் வரும்? கடிதமென்றால் தபால் அண்ணனே தந்துவிடுவார். தந்தியைக் கிளார்க்கு பிரித்துப் படித்த பிறகுதான் தருவார்.

"இந்தப் பேர்ல ஆளே இல்லையே. திருப்பி அனுப்பிரு" என்றாராம். திரும்பிப் போயிருந்தால் அம்மா முகத்தை நான் பார்த்திருக்க மாட்டேன். இன்னாரென்று சொன்னால் என் வேலை போயிருக்கும். தபால் அண்ணன் அசரவில்லை.

"நம்ம வள்ளியம்மாளோட தங்கச்சி சார். விருந்தாளியா வந்திருக்கு. நான் குடுத்திருதேன்."

மழையில் நனைந்து, மூச்சு வாங்க மேட்டுக்காட்டுக்கு ஏறி வந்தார். கங்காணி என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் காதிலும் விழும்படி தபால் அண்ணன் கூப்பிட்டார்: "வள்ளியம்மா! உன் தங்கச்சிக்குத் தந்தி. அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். ரெண்டு பேருக்கும் அம்மா ஒண்ணுதானே தாயி, நீயும் கெளம்பு!" கங்காணியே பதறிப்போய், கூடையை இறக்கிவிட்டு ஓடச் சொன்னார்.

மலையிறங்கிப் போடிக்கு வந்து, பஸ் மாறி மாறி மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தேன். அம்மா மூன்று நாள் இருந்தாள். மூன்று நாளும் என் மடியில்தான். அந்த மூன்று நாளை எனக்குக் கொடுத்தவர் அவர். இன்றைக்கும் நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

காரியமெல்லாம் முடிந்து மலையேறி வந்த அன்று, கொழுந்துக்காட்டு வழியில் எதிரே வந்தார்.

"அம்மா பேசுனாங்களா தங்கம்?"

"பேசுனாங்கண்ணே. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."

அதற்கு மேல் முடியாமல் அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வளைவில் கங்காணியின் குடை தெரிந்தது. உடனே குரலை உயர்த்தினார்.

"சரி சரி வள்ளியம்மா, நேரமாச்சு. கூடையை எடு."