மோந்து பார்த்துப் போட்ட கையெழுத்து

எல்லை தாண்டி வருவதற்கு மனிதனுக்கு ஒரு பாஸ்போர்ட் போதும். கோதுமை விதைக்கு அது பற்றாது. வாங்குகிறவர் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுத்திருக்க வேண்டும். அனுப்புகிற நாட்டு அதிகாரி, பயிர் வயலில் நின்றபோதே போய்ப் பார்த்து, நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்த பயிர்நலச் சான்று வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் விதைச் சான்று அட்டை தைத்திருக்க வேண்டும். உள்ளே மண் கூடாது, களை விதை கூடாது, உயிரோடு ஒரு வண்டுகூடக் கூடாது. மருந்து பூசியும் அனுப்பக் கூடாது, பூசினால் இருக்கிற நோய் தெரியாமல் போய்விடும். இத்தனையும் சரியாக இருந்துவிட்டால் மட்டும் விட்டுவிடுவார்களா? எல்லைச் சாவடியில் மாதிரி எடுத்துத் தலைநகரத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து முடிவு வரும்வரை மூட்டைகள் கிடங்கில் கிடக்க வேண்டும்.

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. புத்தகம் எழுதியவர்கள் லேபைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. லேப் முடிவு ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் நிலத்தின் ஈரம் காய்ந்து, விதைக்கிற பருவமே போய்விடும். அதனால் சாவடியில் ஒரு ஏற்பாடு இருந்தது. மாதிரியை விதிப்படி லேபுக்கு அனுப்புவார்கள். லாரியை மூக்கு சாரின் பேச்சுப்படி அனுப்பிவிடுவார்கள். விதை முழங்கால் உயரம் பயிராகி நிற்கும்போது லேப் முடிவு வந்து சேரும். அதைப் பஞ்ச் பண்ணிக் கோப்பில் கோத்து வைக்க ஒரு குமாஸ்தாவும் இருந்தார், படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

மூக்கு சார் பயிர்நலப் பிரிவின் ஆய்வாளர். மூக்கு ஒன்றும் பெரிதல்ல, சராசரிக்கும் கொஞ்சம் சப்பைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு லாரி கோதுமை விதை வந்தது. காகிதம் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அவ்வளவு சுத்தம். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. இவர் மட்டும் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மீன் ஏற்றிய வண்டியா இது என்று டிரைவரைக் கேட்டார். கோதுமையில் கரிப்பூட்டை என்று ஒரு நோய் உண்டு. மணி வெளியே நல்ல மணி மாதிரியே இருக்கும். நசுக்கினால் உள்ளே கரிப்பொடி இருக்கும், அழுகின மீன் நாற்றம் வரும். மூட்டையைப் பிரித்துத் தேடினார்கள். ஒரு கைப்பிடிக்கு ஒன்றிரண்டு மணி கரியாக இருந்தது. லாரி வந்த வழியே திரும்பிப் போனது, அன்றைக்கு வைத்த பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் மோந்து பார்ப்பதே ஒரு காட்சி. குத்தூசியை மூட்டையின் வயிற்றில் சொருகி விதையை எடுப்பார். இரண்டு கையாலும் குவித்துப் பிடித்துச் சூடாக ஒரு ஊது ஊதுவார், கண்ணை மூடி இழுப்பார். டிரைவர்கள் பீடியை அணைத்துவிட்டு நிற்பார்கள். “சரி” என்று அவர் தலையசைத்தால், “மணம்: இயல்பு” என்று படிவத்தில் எழுதி அவர் ஒரு கையெழுத்து, அதற்கு மேல் தலைமை அதிகாரி ஒரு கையெழுத்து. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் விதைப்புக்குச் சற்று முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி. அடுப்பில் பாலை வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர், ஏதோ தீய்கிறதே என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பால் கரியாகி, பாத்திரம் சிவந்து, வீடு முழுக்கப் புகை. நம்மவர் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஆபீசில் சொல்லிவிடுங்கள் என்று மனைவி அன்றைக்கே சொன்னாள். சொல்லலாம் என்றார். அடுத்த வாரமும் சொன்னாள். தானே சரியாகிவிடும் என்றார். பிறகு ஒருநாள் அவள், உங்களுக்குப் போனது மூக்கு மட்டும்தானா என்று கேட்டாள். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார்.

ஊரே தன்னை எதற்காக மதிக்கிறதோ அது போய்விட்டது என்று யார்தான் போய்ச் சொல்வார்கள்? லாரிகள் வந்துகொண்டே இருந்தன, அவரும் மோந்துகொண்டே இருந்தார். வாசனை இருந்த காலத்தைவிட நன்றாகவே மோந்தார். முன்பு ஒரு இழுப்பில் முடிந்தது இப்போது மூன்று இழுப்பானது. நடுவில் வானத்தைப் பார்ப்பதும் சேர்ந்தது. காகிதம் சுத்தமாக இருந்தால் “சரி” என்பார். எல்லாவற்றையும் சரி என்று சொன்னால் மரியாதை என்ன ஆவது? அதனால் எப்போதாவது ஒரு லாரியை நிறுத்தி, “கொஞ்சம் உறுத்துது” என்பார். அப்படி நிறுத்திய ஒரு லாரியின் மாதிரி லேபுக்குப் போய், குறையே இல்லை என்று முடிவு வந்தது. அந்த விதை வியாபாரி என்ன சொன்னான் தெரியுமா? லேபில் இருக்கிறவனுக்கு ஜலதோஷமாக இருக்கும் என்றான்.

இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இடி விழவில்லை, யாரும் புகார் எழுதவில்லை. மூக்கு சாருக்கும், மூக்கு என்பது அப்படியொன்றும் அவசியமான உறுப்பில்லை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

இந்த வருஷ விதைப்பில்தான் வந்து சேர்ந்தார் மாப்பிள்ளை. மூக்கு சாரின் ஒரே தங்கையைக் கட்டியவர், அவர்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். போன வருஷ விளைச்சல் கையைக் கடித்துவிட்டது. இந்த வருஷமும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கேயாவது கூலிக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலைமை. வியாபாரியை நம்பியது போதும் என்று சங்கமே நேரடியாக அயல்நாட்டிலிருந்து சான்று பெற்ற கோதுமை விதை வரவழைத்திருந்தது. மாப்பிள்ளை லாரியிலேயே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் போலச் சிரித்துக்கொண்டே ஆய்வுக் கொட்டகையில் இறங்கினார்.

“பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மச்சான். ஒரு தடவை மோந்து பாத்துட்டு விட்டுடுங்க. நேத்து மழை பேஞ்சிருக்கு, ஈரம் இருக்கையிலயே போட்டுடணும்.”

மூக்கு சார் குத்தூசியைச் சொருகினார். விதையைக் குவித்தார், ஊதினார், கண்ணை மூடினார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் மனதுக்குள் எதுவும் நடக்காது. இன்றைக்கு நடந்தது. தன் தங்கை அந்த விதையை வயலில் தூவுவது கண்ணுக்குள் வந்தது. தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும்! ஒரு வருஷமாக அடுத்தவர் தங்கைகளின் வயலுக்குப் போன லாரிகளின்போது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த அவருடைய மனசாட்சி, இப்போது முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரே நின்றது.

இன்னொரு முறை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. நாலு மணியை நகத்தால் பிளந்து பார்த்தார், வெள்ளையாகத்தான் இருந்தது. நாலு மணியை வைத்து ஒரு லாரிக்கு என்ன சொல்ல முடியும்? அவருக்குப் பயம் வந்தது, நிஜமான பயம். விதையை மூட்டையிலேயே கொட்டிவிட்டு, லேபுக்கு அனுப்பலாம் என்றார்.

“நாறுதா, மச்சான்?”

“இல்ல.”

“அப்ப நல்ல விதைதானே?”

“தெரியல, மாப்ளே.”

மாப்பிள்ளையின் சிரிப்பு போய்விட்டது. மூக்கு சார் அவர் முகத்தைப் பார்க்காமல் நேராகத் தலைமை அதிகாரியின் அறைக்குப் போனார்.

தலைமை அதிகாரி நல்ல மனிதர். ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி, அதுவரை எந்தப் பிரச்சினையும் தன் மேஜைக்கு வரக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. தனக்கு வாசனை தெரியவில்லை என்று மூக்கு சார் சொன்னதும், ஜலதோஷமா, கஷாயம் குடியுங்கள் என்றார். இல்லை, போன வருஷக் காய்ச்சலோடு போனது, திரும்பி வரவில்லை என்றதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“போன வருஷம்னா, விதைப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி, சார்.”

தலைமை அதிகாரி சுவரோரத்து அலமாரியைப் பார்த்தார். போன வருஷம் உள்ளே விட்ட அத்தனை லாரிகளின் கோப்புகளும் அதில்தான் இருந்தன. அத்தனையிலும் “மணம்: இயல்பு”, அத்தனையிலும் இரண்டு கையெழுத்து. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இங்க பாருங்க. உங்களுக்கு வாசனை தெரியுது.”

“தெரியல, சார்.”

“தெரியுதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மேல நானும் போட்டிருக்கேன். நாம ரெண்டு பேருமா பொய் சொல்லுவோம்?”

மூக்கு சார் நின்றுகொண்டே இருந்தார். தலைமை அதிகாரி தன்மையாக எடுத்துச் சொன்னார். வந்திருப்பது சொந்த மாப்பிள்ளையின் விதை, நாளைக்கு ஏதாவது ஆனாலும் யார் புகார் கொடுக்கப்போகிறார்கள், குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்றார். மூக்கு சார் பிடித்த பிடியை விடவில்லை. விதிப்படி லேப் முடிவு வரட்டும், அதுவரை கிடங்கில் இருக்கட்டும் என்றார். விதிப்படி செய்கிறேன் என்று ஒருவன் கிளம்பிவிட்டால் அந்த ஆபீசில் அவனைச் சமாளிக்க யாருக்கும் பழக்கமில்லை. கடைசியில் தலைமை அதிகாரி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். மூக்கைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பதுதான் நிபந்தனை.

மூட்டைகள் கிடங்குக்குள் போயின. மாப்பிள்ளைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. போன வருஷம் தான் மச்சானிடம் இரவல் வாங்கிய மோட்டார் பம்பைத் திருப்பித் தரவில்லை என்பதற்காகத்தான் இந்தப் பழிவாங்கல் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பம்பு நாளைக்கே வீடு வந்து சேரும் என்றார். பம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மூக்கு சார் கெஞ்சினார். அப்படியானால் வேறு என்ன வேண்டும் என்று கேட்டார் மாப்பிள்ளை. காவலாளி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், கிடங்கில் தன் மூட்டைகள் மேலேயே ஏறிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தங்கை போன் பண்ணினாள். மூக்கு சார் போனை எடுத்துக்கொண்டு எடைமேடைப் பக்கம் நகர்ந்தார். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஊரான் லாரி அத்தனையும் மோந்து பாத்து விட்டியே அண்ணே. எனக்கு மட்டும்தானா சட்டம்?”

அவரால் அதற்கு மேல் முடியவில்லை. தலைமை அதிகாரியின் நிபந்தனையாவது மண்ணாங்கட்டியாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காய்ச்சலைச் சொன்னார், தீய்ந்த பாலைச் சொன்னார், ஒரு வருஷமாகப் போட்ட வேஷத்தைச் சொன்னார். யார் விதையாக இருந்தாலும் விட்டிருப்பேன், உன் விதையை விட மனசு வரவில்லை என்றும் சொன்னார். தங்கை மனசு இளகி, பரவாயில்லை அண்ணே என்று சொல்வாள் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

“போன வருஷ விதைப்புக்கு முன்னாடியேவா?”

“ஆமாம்மா.”

“போன வருஷம் நாங்க வியாபாரிகிட்ட வாங்கினோமே, அதுவும் உங்க சாவடி வழியா வந்ததுதான். எங்கண்ணன் பாத்து விட்ட விதைன்னு நாலு பேர்கிட்ட சொல்லி, அவங்களையும் வாங்க வெச்சேன்.”

அறுப்பு எப்படி இருந்தது என்று மூக்கு சார் கேட்டார்.

“அறுப்பு நேரத்துல களத்துல ஒரே மீன் நாத்தம், அண்ணே. எனக்கு அடிச்சுது. இவருக்கும் அடிச்சுது. சாக்கு நாத்தம்னு சொன்னாரு. மில்லுக்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டு, கோழித் தீவனத்துக்குன்னு அடிமாட்டு விலைக்கு எடுத்தான். அப்பவும் நாங்க வாயைத் திறக்கல. உனக்கு அடிக்காத நாத்தம் எங்களுக்கு எப்படி அடிக்கும்னு எங்க மூக்கைத்தான் சந்தேகப்பட்டோம்.”

அவர் எந்த வயலில் என்று கேட்டார். இருக்கிற எல்லா வயலிலும்தான் என்றாள். கிடங்கில் இருக்கிற விதை நல்ல விதை என்றே லேப் சொன்னாலும் அந்த மண்ணில் போட வேண்டாம், நோய் மண்ணிலேயே தங்கியிருக்கும், சில வருஷம் கோதுமையே வேண்டாம் என்று அவர் சொன்னார். இதைச் சொல்வதற்கு அவருக்கு மூக்கு தேவைப்படவில்லை. தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அவர் கிடங்குலதானே உக்காந்திருக்காரு? மூக்கு போனதை நீயே போய்ச் சொல்லிடு, அண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டாரு. இன்னைக்கு என்ன கோவம் இருந்தாலும், உன் மூக்கை அவர் விட்டுக்கொடுக்க மாட்டாரு.”

போனை வைத்துவிட்டாள். மூக்கு சார் கிடங்கை நோக்கி நடந்தார்.