இடி இறங்கும் குழி

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில் எங்கள் கலையரங்கத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "எப்பங்க பூசி முடிப்பீங்க?" என்பதுதான். பூச எதுவும் இல்லை. தூணிலிருந்து கூரை வரை எல்லாம் எஃகு. எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பது ஆர்க்கிடெக்டின் ஆசை. அதை நிற்க வைக்கிற கணக்கு மட்டும் என்னுடையது.

கூரையைத் தாங்கும் நீளமான சட்டங்கள் ஒரே துண்டாக மலையேறவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வளவு நீளத்துக்கு லாரி திரும்பாது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து போல்ட் போட்டு இணைத்தோம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு செம்புப் பட்டையும் போடச் சொன்னேன். "நெத்திச்சுட்டி கட்டின மாதிரி இருக்கு" என்று ஆர்க்கிடெக்ட் முகம் சுளித்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். சேர்வராயன் மலையில் கோடை மழை இடி இல்லாமல் வராது. கூரையில் விழும் இடி வழியில் எங்கும் தாவாமல் தூண் வழியாக இறங்கி மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்காகத் தூண்களின் அடியில் எர்த் குழிகள் போட்டோம். காய்ந்த பாறை மின்சாரத்தை லேசில் வாங்காது என்பதால் ஆழமாகத் துளைத்து, கரியும் உப்பும் நிரப்பி, கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் ஊற்றும் வேலை, அரங்கத்தைக் கூட்ட வந்த அக்காவுடையது. பக்கத்துத் தலைச்சோலை ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். குழி எதற்கென்று கேட்டார், சொன்னேன். "இடி இதுக்குள்ள போயிருங்களா அம்மிணி?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. ஆனால் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றாமல் இருந்ததில்லை.

கட்டி முடித்த பிறகு, துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கோடைதோறும் சேலத்திலிருந்து வருவேன். அப்படி வந்த முதல் முறை, இடி உறுமியதும் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, எதிரே இருந்த சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டார். மழை விட்டபின் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவர் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரரு எஸ்டேட்டுல இடி உழுந்துதானுங்க போனாரு. கையில அருவா இருந்துச்சு. இரும்பு இழுத்துருச்சுன்னு எல்லாருஞ் சொன்னாங்க. இங்க சுத்தியும் இரும்பா நிக்குதுங்களே."

"எங்க நின்னாருக்கா?"

"மழைக்கு மரத்தடியில ஒதுங்குனாருங்க."

இடியை இழுத்தது அரிவாள் இல்லை, மரம். இதை எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். இந்த இரும்புக்குள் தூணைத் தொடாமல் நடுவில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்பதையும் சொன்னேன். "சரிங்க" என்றார். எங்கள் பக்கத்துச் "சரிங்க"வுக்கு ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அதன் பிறகு சேலத்தில் மொட்டை மாடியிலிருந்து மலைமேல் மேகம் கறுப்பதைப் பார்த்தாலே அக்கா நினைவுதான் வரும். நான் கட்டியதற்குப் பயந்து, நான் கட்டியதன் வாசலிலேயே அந்த அம்மா செத்துப்போவார் என்று நிஜமாகவே பயந்தேன்.

அடுத்த கோடையில் நான் போயிருந்த அன்று மத்தியானமே வானம் இருட்டியது. காப்பி பூக்க இந்த மழை வேண்டும், அதனால் மலையில் யாரும் இதைச் சபிப்பதில்லை. அக்கா வழக்கம்போல மரத்தடிக்குப் போனார். வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. கோபத்தில் நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏனுங்க, நீங்க உள்ள போங்க."

"நீங்க வந்தா போறேன்."

"ஊட்டுல பசங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேர்."

அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரங்கத்துக்குள் நடந்தார். நான் சொன்ன விளக்கமெல்லாம் அவரை நகர்த்தவில்லை, என் பிள்ளைகள் நகர்த்தினார்கள்.

தரையின் நடுவில் உட்கார்ந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார், மணிக்கட்டை விடவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கூரைத் தகடு முழுக்க அதிர்ந்தது. என் கணக்கின் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

மழை விட்டதும் சுற்றிப் பார்த்தோம். ஒரு செம்புப் பட்டையின் ஓரத்தில் பெயிண்ட் கருகியிருந்தது. வேறொன்றும் இல்லை. அக்கா குழியின் மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அம்மிணி, இதெல்லாம் அன்னைக்கே தெரியுங்களா?"

"எதுங்கக்கா?"

"மரத்தடியில நிக்கக் கூடாதுன்னு. இப்புடி மண்ணுக்குள்ள இறக்கி உடலாம்னு."

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "தெரியும்க்கா. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப எங்க ஊட்டுக்காரரு பொறக்கறதுக்கும் முன்னாலயேங்களா?"

"ஆமாக்கா."

மூடியைப் பழையபடி வைத்தார். "யாரும் வந்து சொல்லலைங்க" என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்து, உள்ளே அடித்திருந்த சாரலைக் கூட்டித் தள்ள ஆரம்பித்தார். வரேன் என்று சொல்லக்கூட எனக்கு முகமில்லை.

ஏற்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மறுபடி மழை பிடித்தது. எஸ்டேட் ஓரத்தில் ஒரு பெரிய சில்வர் ஓக் மரத்தடியில் வேலையாட்கள் சிலர், தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒட்டி ஒட்டி நின்றார்கள். தூரத்தில் இடி உறுமியது. நான் எழுந்து கண்டக்டரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லீங்களே. இறங்கணும்ங்களா?"

"நான் இறங்கலைங்க. அவங்களை ஏறச் சொல்லுங்க."