படம் தாம்பரத்தில்தான் முடியும்

எங்கள் சித்திக்கு எந்தப் படத்துக்கும் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அவள் படம் பார்த்ததெல்லாம் கம்பெனி பஸ்ஸில். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. பஸ் தாம்பரத்தில் கிளம்பும்போதே டிரைவர் சிடியைப் போட்டுவிடுவார். படப்பையில் சித்தி ஏறும்போது கதாநாயகிக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். கம்பெனி கேட்டில் நிறுத்திய படத்தைச் சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார். முடிவு வருவதற்குள் படப்பை வந்துவிடும். ஆரம்பமும் முடிவும் தாம்பரத்துக்காரர்களுக்கு, நடுப்பாகம் மட்டும் எங்கள் வீட்டுக்கு.

சித்தி, அம்மாவின் தங்கை. ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்குச் சித்தப்பா கை நீட்டிவிட்டார். ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வந்த மாதமே கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். வேலையை விட்டால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சித்தப்பா ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். போவாளா, மாட்டாளா என்பதுதான் வீட்டில் பேச்சு. நான் உள்ளே வந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் காதே கிடையாது என்று நினைத்தார்களோ என்னவோ!

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தமிழ் மிஸ் ஒரு வேலை வைத்தார். துணைப்பாடத்தில் ஒரு பழைய கதை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த ஒருத்தியை அழைத்துப்போக, புருஷன் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருகிறான். அவள் ஒன்றும் பேசாமல் ஏறி உட்காருகிறாள். அத்தோடு கதை முடிந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு படமும் அதே மாதிரிதானாம். இரண்டுக்கும் ஒற்றுமை வேற்றுமை எழுதி வரவேண்டும். வகுப்பில் பாதிப் பேர் படம் பார்த்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அம்மாவைக் கேட்டுப் பயனில்லை, அவள் படத்துக்கு உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். ஆகவே சித்தியைப் பிடித்தேன்.

முதலில் புத்தகக் கதையைச் சொன்னேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“இன்னாது, ஏறிட்டாளா? ஒரு வார்த்தகூடக் கேக்காமலா?”

“புக்குல அப்படித்தான் போட்டுக்கீது சித்தி.”

“நல்லா போட்டாங்க, போ!” என்று மாவை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். மிஸ் சொன்ன படத்தைப் பஸ்ஸில் போட்டார்களாம். அதே கதை, மாட்டு வண்டிக்குப் பதில் கார், அவ்வளவுதான் என்றாள்.

“அவ கார்ல ஏறுனாளா?”

“அதுக்குள்ள நம்ம ஸ்டாப் வந்துடுச்சேடி.”

டிரைவரிடம் இருந்ததே நாலைந்து சிடி. சீக்கிரமே அதே படம் மறுபடி வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ் எங்கள் ஸ்டாப்பில் நின்றது, போனது. சித்தி இறங்கவில்லை. அம்மாவுக்கு உயிரே இல்லை. சித்தப்பாதான் வழியில் மறித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்று வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தாள். இருட்டிய பிறகு சித்தி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள், கண்கள் சிவந்திருந்தன.

“எங்கடி போய்த் தொலஞ்ச?”

“படம் முடியலக்கா. தாம்பரம் வரைக்கும் போயிட்டேன்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என் வீட்டுப்பாடத்துக்காகத் தாம்பரம் வரை போய்வந்த சித்தி வேறு யாருக்கு இருக்கிறாள்! சாப்பிடும்போது முடிவைக் கேட்டேன். சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்புறம், “ஏறலடி. கதவச் சாத்திக்கினு உள்ள போய்ட்டா” என்றாள். ‘கதையில் ஏறுகிறாள், படத்தில் ஏறவில்லை’ என்று வேற்றுமையில் முதலாவதாக எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவே வந்துவிட்டார், யாரிடமோ கேட்டு வாங்கிய காரில். பஞ்சாயத்துப் பேச எங்கள் மாமாவும் வந்தார். மாமா என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அம்மா ஆட்டுக்கறி வைத்திருந்தாள். சித்தி சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். “தோ பாரும்மா, கோவத்தையே புடிச்சிக்கினு இருந்தா குடும்பம் ஆவுமா? இப்ப ஓடுதே, அந்தப் படத்துலகூட இன்னா, கடைசில அந்தப் பொண்ணு போய்க் கார்ல ஏறிக்கிதா இல்லியா? ஜனம் கை தட்டுதே, சும்மாவா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல மாமா, ஏறல! கதவச் சாத்திக்கினு உள்ள போய்ட்டா. சித்தி தாம்பரம் வரைக்கும் போய்ப் பாத்துச்சு” என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். சித்தப்பா மட்டும் சித்தியைப் பார்த்தார்.

“நானுந்தான் படம் பாத்தேன். அவ ஏறிடுவா” என்றார்.

சித்தி தலையைத் தூக்கினாள். “நான் பாத்ததுல ஏறல.”

அவ்வளவுதான். சித்தப்பா எழுந்து செருப்பை மாட்டினார். கார் வந்தபடியே திரும்பிப் போயிற்று. அம்மா அழுதாள், மாமா இரண்டு பேர் கறியையும் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு படத்தின் முடிவு சரியா தப்பா என்பதற்காக, அதுவும் கறிச்சோற்றை விட்டுவிட்டு, யாராவது எழுந்து போவார்களா?

மறுநாள் மிஸ் என் முதல் வேற்றுமையைச் சிவப்பு மையால் அடித்து, ‘பார்க்காத படத்தைப் பற்றி எழுதாதே’ என்று எழுதிக் கொடுத்தார். வகுப்பே சிரித்தது. படம் பார்த்தவர்கள் எல்லோரும் அவள் காரில் ஏறினாள் என்றுதான் சத்தியம் செய்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு சாயங்காலம் ஸ்டாப்பில் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய சித்தியிடம் சிவப்பு மையைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“உங்க மிஸ் எந்த பஸ்ல பாத்தாங்களாம்?”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தியேட்டரில் ஓடும் படத்துக்கு ஒரு முடிவு, கம்பெனி பஸ்ஸில் போடும் படத்துக்கு வேறு முடிவு. இதுகூடத் தெரியாமல் மிஸ் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று, வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.