அசற்றோன் பரலில் இருந்த இரண்டு படங்கள்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கடற்கரையோரம் பைபர் வள்ளம் கட்டுகிற பட்டறை ஒன்றில் எனக்குக் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. இரசாயனவியலில் பட்டம் பெற்றுவிட்டு நான்கு வருடமாக ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவள் நான். வந்த வேலையை விடக்கூடாதென்று அம்மா சொன்னார். அடுத்த திங்கட்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பட்டறை என்றால் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகைதான். வள்ள அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, அதன்மேல் றெசின் என்கிற பிசினைப் பூசி, மேலே இன்னொரு பாயை விரித்து, இப்படியே கனம் ஏற்றிக்கொண்டு போவார்கள். றெசின் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும். அதற்கு முன்பு தூரிகையைக் கழுவ வேண்டும். கழுவுவதற்கு அசற்றோன் என்கிற கரைப்பான். வெட்டிய பால்மாத் தகரப் பேணிகளில் அதை ஊற்றி, மேசைகளுக்குக் கீழே வரிசையாக வைத்திருப்பார்கள். தூரிகையைக் கழுவிய கையோடு கையையும் அதிலேயே கழுவுவார்கள். முழங்கைவரை அமிழ்த்தி எடுத்தால் பிசுபிசுப்பு நொடியில் போய்விடும். கை குளிர்ந்து வெள்ளையாக இருக்கும்.

எனக்கு அது தெரியாத பொருளல்ல. பரீட்சையில் அதன் கட்டமைப்பை வரைந்து புள்ளி வாங்கியவள். ஆனால் மேசைக்குக் கீழே திறந்து கிடந்த அந்தப் பேணிகளை ஐந்து மாதமாகத் தினமும் தாண்டி நடந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்து சேர்ந்த புதிதில் வாய் திறந்தால் படித்த திமிர் என்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

என்னைப் பேச வைத்தவர் அண்ணை. நார்ப் பாய் விரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, நாற்பத்தைந்து வயதிருக்கும். பட்டறையில் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். அதிகம் கதைக்கமாட்டார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் களஞ்சிய வாசலில் வந்து நின்றார். இரண்டு கையும் சாரத்து மடிப்புக்குள் இருந்தன.

"தங்கச்சி, நீங்கள் கெமிஸ்ட்ரி படிச்சனீங்கள்தானே?"

"ஓம் அண்ணை."

அவர் கைகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கை முழுவதும் வறண்ட வயல் மாதிரி வெடித்திருந்தது. விரல் மடிப்புகளில் இரத்தம் காய்ந்திருந்தது. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து தொங்கியது.

"இது புற்றுநோய்க்கு முதல் வாறது எண்டு ஒராள் சொன்னார்," என்றார். "இன்னொராள் இது குட்டம் எண்டு என்ரை மனுசிக்குச் சொல்லிப்போட்டார். நான் இப்ப பிள்ளையளுக்குச் சோறு குழைச்சுக் குடுக்கிறேல்லை. பிள்ளையள் கேக்கினம். மனுசி ஒண்டும் சொல்லேல்லை, ஆனா எனக்கே தொடப் பயமாய் இருக்கு. இந்த அசற்றோன் என்ன சாமான்? உள்ளதைச் சொல்லுங்கோ. ஒளிக்க வேண்டாம்."

கட்டமைப்பை வரையத் தெரிந்தவளுக்கு, அது ஒரு மனிதனின் கையை என்ன செய்யும் என்று தெரிந்திருக்கவில்லை. "இரண்டு நாள் தாங்கோ அண்ணை. பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

அன்று பின்னேரம்தான் அசற்றோன் வந்து இறங்கிய இரும்புப் பீப்பாயில், அந்தப் பரலின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். சிவப்புக் கரை போட்ட இரண்டு சாய்சதுரங்கள். ஒன்றுக்குள் நெருப்புச் சுவாலை. மற்றதற்குள் ஒரு ஆச்சரியக்குறி. கீழே ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் ஒற்றைச் சொல். பரலோடு கொழும்பிலிருந்து ஒரு பாதுகாப்புத் தரவுத் தாளும் வந்திருந்தது. பதினாறு பகுதிகள், பல பக்கங்கள். பிரிக்கப்படாமலே கோப்புக்குள் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இரண்டாம் பகுதியிலேயே அண்ணையின் கை இருந்தது. திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் தோல் வறண்டு வெடிக்கலாம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. தோலில் இயல்பாக இருக்கிற எண்ணெயை அசற்றோன் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அவ்வளவுதான் விசயம். புற்றுநோய்க்கென ஒரு தனி இடம் இருந்தது. அங்கே, அப்படியான பொருளாக இது வகைப்படுத்தப்படவில்லை என்று இருந்தது. அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். ஆச்சரியக்குறிப் படம், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதற்கும், ஆவியை நெடுகச் சுவாசித்தால் தலைசுற்றும், தூக்கம் வரும் என்பதற்கும்.

பிறகு சுவாலைப் படத்துக்கு வந்தேன். மிக எளிதில் தீப்பற்றும் திரவமும் ஆவியும். தீப்பற்றும் திரவங்களின் தரவரிசையில் இரண்டாம் படி. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை அளவுக் குளிரிலும் தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது. யாழ்ப்பாணத்தில் அது எப்போதும் ஆயத்தமாகத்தான் இருக்கும். அதற்கும் கீழே இன்னொரு வரி: ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு தவழ்ந்து தூரத்தில் உள்ள நெருப்பைத் தொட்டுப் பற்றிக்கொண்டு திரும்பி வரும்.

பின்னேரங்களில் கடல்காற்று ஓய்ந்தால் கொட்டகைக்குள் நுளம்பு மொய்த்துக் கடிக்கும். நான் என் மேசைக்குக் கீழே, காலடியில், தினமும் நெருப்புக்குச்சி உரசி நுளம்புத்திரி கொளுத்துகிறவள். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பேணிகள்.

மறுநாள் அண்ணையிடம் முதலில் கையைப் பற்றிச் சொன்னேன்.

"இது ஒட்டுற வருத்தமில்லை அண்ணை. கான்சரும் இல்லை. அசற்றோன் உங்கடை தோலிலை இருக்கிற எண்ணெயைக் கழுவிப்போட்டுது. ஆனா நான் டாக்குத்தர் இல்லை. ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கிலை ஒருக்காக் காட்டுங்கோ."

அவர் கிளினிக் எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

பிறகு முதலாளியிடம் போனேன். அவர் நல்ல மனிதர். தானே றெசின் பூசித் தொழில் தொடங்கியவர். பேணிகளை மூடி வைக்க வேண்டும், உள்ளே நெருப்புக்குச்சி உரசக்கூடாது என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, உது பெண்டுகள் நகப்பூச்சு அழிக்கிற சாமான். நான் எத்தினை வருசமாய்ப் புழங்கிறன். ஒரு நாளும் ஒண்டும் நடக்கேல்லை."

"நகப்பூச்சுக்கு ஒரு சின்னப் போத்தில், முதலாளி. இஞ்சை ஒரு பரல்."

"சரி சரி, பாப்பம்."

பார்க்கவில்லை. நான் என் பங்குக்குத் திரி கொளுத்துவதை நிறுத்தினேன். என் செலவில் நீல நிறத்து மெல்லிய கையுறைப் பெட்டி ஒன்று வாங்கி அண்ணையிடம் கொடுத்தேன். மதியத்துக்குள் அவை ஊதி, தளர்ந்து, விரல் நுனியில் கிழிந்து தொங்கின. வெட்கத்தோடு தரவுத் தாளைத் திரும்பப் புரட்டினேன். எட்டாம் பகுதியில், எந்த றப்பர் அசற்றோனுக்குத் தாங்கும் என்பது தெளிவாக இருந்தது. பியூட்டைல் றப்பர். நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

கார்த்திகை மாதம். மூன்று நாள் அடைமழை. சாரல் உள்ளே அடிக்கிறதென்று கொட்டகைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. காற்றுப் போக வழியில்லை. என் கண்கள் கரித்தன. முடியும் தறுவாயில் இருந்த வள்ளத்தின் முன்முனையில், அணியத்தடியில், முதலாளி நுளம்புக்கடி தாங்காமல் திரியும் நெருப்புப்பெட்டியும் எடுத்துக்கொண்டு குந்தினார். நான் களஞ்சியத் தட்டிக்குப் பின்னாலிருந்து, "முதலாளி, வேண்டாம்!" என்று கத்தினேன். குச்சி உரசப்பட்டுவிட்டது.

நெருப்பு அவர் கையில் பெரிதாகவில்லை. நிலத்தில் பெரிதானது. நீலமும் மஞ்சளுமாக ஒரு விரிப்பு, அவர் காலடியிலிருந்து மேசைக்குக் கீழே ஓடியது. எனக்கு அது ஓடியதாகத்தான் ஞாபகம். பேணி ஒன்று பக்கென்று எரிந்தது. அடுத்ததும் எரிந்தது.

அண்ணை ஓடவில்லை. கதவடியில் மழைக்கு விரித்திருந்த நனைந்த சாக்கை இழுத்து எடுத்து இரண்டு பேணிகளையும் சேர்த்து மூடி அமுக்கினார். நான் வாளியில் கடற்கரை மணலை அள்ளி அள்ளிக் கொட்டினேன். வேறு இருவர் கதவுகளைத் திறந்துவிட்டு, பரலை வெளியே உருட்டிக்கொண்டு போனார்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். முதலாளியின் கணுக்காலில் ஒரு கொப்புளம், சாரக் கரையில் ஒரு கருகல். வள்ளத்தில் ஒரு பக்கம் புகை படிந்திருந்தது. வேறெதுவும் இல்லை.

முதலாளி வெளியே மழைக்குள் மணலில் இருந்துவிட்டார். யாரோ குடை பிடித்தார்கள். தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தாளைக் கொண்டு வாங்கோ தங்கச்சி. எல்லாருக்கும் விளங்கிற மாதிரி வாசியுங்கோ" என்றார்.

வாசித்தால் விளங்காது என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமை எடுத்துத் தமிழில் எழுதினேன். இரண்டாம், நான்காம், ஐந்தாம், ஏழாம், எட்டாம் பகுதிகள் போதும் என்று முடிவு செய்தேன். பெரிய சிக்கல் அந்தத் தடித்த ஒற்றைச் சொல்தான். இப்படியான தாள்களில் இரண்டே இரண்டு சொற்களில் ஒன்றுதான் வருமாம்: கடுமையானதற்கு ஒன்று, குறைந்ததற்கு மற்றது. அசற்றோனுக்கு இருந்தது கடுமையான சொல். 'எச்சரிக்கை' என்று எழுதினால் பேருந்து மிதிபலகையில் எழுதியிருப்பது போலக் கடந்து போய்விடுவார்கள். 'அபாயம்' என்று எழுதினால் அண்ணை தன் கையை நினைத்துத் திரும்பப் பயந்துவிடுவாரோ என்று தயங்கினேன். அவரையே கேட்டேன்.

"அபாயம் எண்டே போடுங்கோ," என்றார். "மிதிவெடி போர்டிலை உந்தச் சொல்லைப் பாத்துப் பாத்து வளந்தனாங்கள். அந்தச் சொல்லைக் கண்டா எங்கடை ஆக்கள் காலை எடுத்து வைக்கமாட்டினம். ஆனா எதுக்கு அபாயம் எண்டதையும் பக்கத்திலை எழுதுங்கோ. நெருப்புக்கு எண்டு எழுதுங்கோ. கைக்கு வாறதை வேறை வரியிலை போடுங்கோ."

அப்படியே எழுதினேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் அதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். நான் வாசித்தேன். ஒருவர், "அப்ப மணக்கிறதெல்லாம் நஞ்சோ?" என்று கேட்டார். மணத்தை வைத்துச் சொல்ல முடியாது, தாளைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். இன்னொருவர், "கண்ணிலை தெறிச்சா என்ன செய்யிறது?" என்றார். நிறையத் தண்ணீரால் கனநேரம் கழுவ வேண்டும், பிறகு வைத்தியரிடம் போக வேண்டும் என்றேன். "அப்ப கிணத்தடிக்கு ஓடுறதே? கண் தெரியாமல் விழுந்துபோவன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கிழமையே உள்ளே ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது. பேணிகள் போய், தானே மூடிக்கொள்ளும் மூடி போட்ட இரும்புப் பாத்திரங்கள் வந்தன. பரல் தனிக் கொட்டிலுக்குப் போனது. கூரையோரம் காற்றாடி வைக்கலாம் என்று முதலாளி சொன்னபோது, ஆவி கீழேதான் கிடக்கும், நிலமட்டத்தில் சுவரைத் திறக்க வேண்டும் என்று சொன்னது நானல்ல, அண்ணை. நுளம்புக்கு வாசலுக்கும் துவாரங்களுக்கும் வலை அடித்தோம்.

கை கழுவுவதற்கு வழி கண்டுபிடித்ததும் அவர்கள்தான். றெசின் இறுகுமுன் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, சவுக்காரம் போட்டுக் கழுவினால் போய்விடுகிறது. கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். தடித்த கையுறைகள் கொழும்பிலிருந்து வந்தன. கிளினிக்கில் வைத்தியர் அண்ணையின் கையைப் பார்த்து, வேலையால் வந்த தோல் அழற்சிதான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். வைத்தியர் எழுதிய துண்டுச் சீட்டை அவர் மனைவியிடம் காட்டியதாகவும், மனைவி வாசித்துவிட்டு அழுததாகவும் சொன்னார். மாசிப் பிற்பகுதியில் ஒரு காலை, கேட்காமலே கையை விரித்துக் காட்டினார். புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"நேற்று மூண்டு பேருக்கும் குழைச்சுக் குடுத்தனான்," என்றார். "மீன் குழம்பு. சின்னவன் இன்னும் கேட்டவன்."

எங்கள் தாளைப் படம் பிடித்து யாரோ கைபேசியில் அனுப்பியிருக்கிறார்கள். அது எங்கெல்லாம் போனதோ தெரியாது. ஒரு நாள் நெல்லியடியில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒருவர் தின்னர் பேணி ஒன்றோடு வந்து நின்றார். "இதுக்கும் தமிழ்லை எழுதித் தருவீங்களோ அக்கா?" என்றார்.

பேணியைத் திருப்பினேன். சுவாலையும் ஆச்சரியக்குறியும் இருந்தன. மூன்றாவதாக, நான் எங்கள் பரலில் காணாத ஒரு படமும் இருந்தது: நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனித உரு. சிறிய எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தேன். கலவையில் தொலுயீன் இருந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தீங்கு செய்யலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது என்று ஒரு வரி.

"பெயின்ற் ஆர் கலக்கிறது?" என்று கேட்டேன்.

"நிறம் பிடிக்கிறதிலை என்ரை மனுசிதான் கெட்டிக்காரி. அவதான் கலக்கிறா." பேணியை மேசையில் வைத்துவிட்டு, "அவவுக்கு இப்ப நாலு மாதம்" என்றார்.

நான் அந்த வரியை அவருக்குத் தமிழில் சொன்னேன். சந்தேகம் என்றுதான் இருக்கிறது, கட்டாயம் நடக்கும் என்றில்லை, ஆனால் இனி அவருடைய மனைவி அதற்குக் கிட்டப் போகாமல் இருப்பது நல்லது, அடுத்த கர்ப்பிணி கிளினிக்கில் இந்தப் பேணியின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் என் முன்னாலேயே கைபேசியை எடுத்தார்.

"இஞ்சை, நீ கலக்கிறதை விட்டுட்டு வீட்டை போ. இல்லை, இப்பவே போ. வந்து சொல்லுறன்."

அந்தத் தாளை எழுத எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அசற்றோனைவிடக் கடினம், சந்தேகம் என்பதைப் பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் எழுத வேண்டியிருந்தது. இப்போது அவருடைய மனைவி பெயின்ற் அடிக்கிற கராச்சுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் இருந்துகொண்டு, கலந்த நிறம் பூசிக் காய்ந்த தகரத் துண்டுகளைப் பார்த்து, கொஞ்சம் மஞ்சள் கூட்டு, நீலம் குறை என்று சொல்கிறாராம். பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு என்னை அழைத்திருந்தார்கள். அண்ணை மோட்டார் சைக்கிளை ஓட்ட, பின்னால் அவர் மனைவியும் நானுமாக நெருக்கிக்கொண்டு போய் வந்தோம்.

நாங்கள் தினமும் பூசுகிற றெசினின் தாள், தமிழில் எழுதி முடியாமல் இன்னும் மேசையில் கிடக்கிறது. அது அசற்றோன் போல இலேசானதல்ல. மூன்றாம் பக்கத்தில் நிற்கிறேன்.